எட்டு தினார்

இருபத்து நான்காவது வாரம்.
தொப்புள் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது.
கூடவே வளையமும்.
சீருடையின் மூன்றாவது பொத்தான்
அதன்மேல் உரசும்போதெல்லாம்
நான்காம் எண் கவுண்டரில் நின்றபடி
ஷுக்ரன் என்பதற்குப் பதில்
ஸ்ஸ் என்கிறேன்.
பால், குப்பூஸ், டயப்பர், மறுபடி பால்.

காது குத்தியபோது எனக்கு ஒரு வயது.
மாமன் மடி, மொட்டைத் தலையில் சந்தனம்,
இரண்டு கிடா, நோட்டு நிறைய மொய்.
மூக்குக் குத்தியதற்கும் ஒரு பந்தி நடந்தது.
இதற்கு மட்டும்
குதைபியாவில் ரோவெனாவின் அறை,
அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு,
இருமிக்கொண்டே ஓடும் ஏசி.
மூச்சைப் பிடி என்றாள்.
பிறகு ஆளுக்குப் பாதி பெப்சி.
எட்டு தினார்.

பஹ்ரைன் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.
எக்ஸ்சேஞ்ச் ரசீதுகளும் பதினொன்று:
கூரைக்கு, தம்பி ஃபீசுக்கு, அடகுக்கு,
அடகின் வட்டிக்கு.
ரசீது இல்லாத ஓர் இடம்
என் மேல் எங்காவது வேண்டியிருந்தது.
அழகுக்காக இல்லை.
கொஞ்சம் அழகுக்காகவும்தான்.

கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு
பரஞ்சோதி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் சோறு பிசைந்துகொண்டே கேட்டார்,
"வலிச்சுதா?"
காதுக்கும் மூக்குக்கும்
யாரும் கேட்காத கேள்வி.

ஸ்கேன் அறையில் ஜெல்லைத் தடவப்போன ஷைனி சிஸ்டர்
என்டெ ஈசோயே என்று நின்றுவிட்டாள்.
"கழற்றணும் மோளே. தோல் இன்னும் இழுக்கும்,
கிழிஞ்சா சீழ் வைக்கும்."
கருவி வளையத்தைச் சுற்றிக்கொண்டு போனது,
ரவுண்டானாவில் திரும்பும் டாக்சி போல.
திரையில் காட்டினாள்.
தொப்புள்கொடி உறவு, தொப்புள்கொடி உறவு என்று
மேடையில் தொண்டை கட்டக் கேட்டிருக்கிறேன்.
பார்ப்பது இப்போதுதான்.
பழைய டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்கிக்கொண்டு
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து
பாலம் தாண்டி வந்தார்.
குனிந்தால் எனக்கு வயிறு மட்டும்தான் தெரிகிறது,
அவர்தான் கழற்ற வேண்டும்.
வெல்டர் விரலுக்கு அந்தத் திருகுமணி கடுகு.
சோப்பு போட்டார், வழுக்கியது.
ரப்பர் கையுறை போட்டார்.
இடமா வலமா என்று அவர் கேட்கும்போதே
உள்ளேயிருந்து ஓர் உதை.
ஷாக் அடித்தவர் போல கையை இழுத்துக்கொண்டார்.
பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு
வயிற்றிடம் சொன்னார்,
"இருடா, ஒரு நிமிஷம்."

கழன்றது வாஷ்பேசினில் விழுந்து ஓடியது.
ஓட்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார்.
இப்போது அது
சிபிஆர் அட்டையின் உறைக்குள் இருக்கிறது.

விசா முடிந்து இலோய்லோ போய்விட்ட ரோவெனாவுக்கு
படம் அனுப்பினேன்.
சும்மா விட்டால் மூடிவிடும்,
வளையும் பிளாஸ்டிக் இழை கிடைக்கும்,
சுத்தமாகப் போடு என்று பதில் வந்தது.
கூடவே ஒன்பது இதயம்.
"மூடினா மூடட்டுமே" என்றார் இவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி வீடியோ காலில் அத்தை
வயிற்றைக் காட்டச் சொன்னார்கள்.
"மேல ரெண்டு புள்ளியா இருக்கே, கொசுவா?"
"ஆமா அத்தை. இங்க கொசு பெருசு."
பக்கத்தில் படுத்திருந்தவர்
தலையணையைக் கடித்துச் சிரித்தார்.

சம்பளம் வந்தது.
எக்ஸ்சேஞ்சில் டோக்கன் எழுபத்தாறு.
முன்னால் நிற்பவர் நோட்டை நாலாவது முறை எண்ணுகிறார்.
காரணம் என்ற கட்டத்தில் வழக்கம்போல
குடும்பச் செலவு.
தொகையில் மட்டும் எட்டு தினார் குறைத்து எழுதுகிறேன்.
கேட்டால்
இந்த மாசம் ரேட் இறங்கிடுச்சு என்பேன்.